உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள்: ஆம்ட்கார்ட் கைவினைப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு

என் அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 19 வருடம் செக்கிங் பார்த்தவர். தையல் மிஷின்கள் வரிசையாக நிற்கும் பவர் டேபிளிலிருந்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் கையில் எடுத்ததும் முதலில் உள்பக்கம் திருப்புவார். அதற்குப் பிறகுதான் கழுத்து, கை, பிசிறு எல்லாம். "வெளிய எல்லாரும் நல்லாத்தான் கண்ணு தெப்பாங்க" என்பார். டெக்சாஸில் ஒரு மரத்தடி மேசையில், இடுப்பில் ஃபோம் வாள் செருகிய ஒரு நடுவர் நான் தைத்த சட்டையைக் கையில் எடுத்து, அதேபோல உள்பக்கம் திருப்பியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் உள்ளே நான் ஓவர்லாக், அதாவது விளிம்பை நூலால் சுற்றி மூடும் மிஷின் தையல், அடித்து வைத்திருந்தேன்.

ஆம்ட்கார்ட் கேள்விப்படாதவர்களுக்கு: 1983ல் டெக்சாஸின் எல் பாசோ நகரில் தொடங்கிய விளையாட்டு இது. ஃபோம் சுற்றிய ஆயுதங்களோடு நேரடியாகக் களத்தில் இறங்கி ஆடும் மாயாஜாலக் கற்பனை உலகம். வார இறுதியில் பொதுப் பூங்காவில் கூடுவார்கள், விளையாடக் கட்டணம் இல்லை. ஒவ்வொருவருக்கும் தாமே வைத்துக்கொண்ட ஒரு பாத்திரப் பெயர், அதற்கேற்ற உடை. பூங்காக்கள் பல சேர்ந்து ஒரு இராச்சியம். நாங்கள் இருக்கும் டல்லாஸ் பக்கம் எமரால்ட் ஹில்ஸ் இராச்சியத்தைச் சேர்ந்தது. அரசரையோ அரசியையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பார்கள். என் மகன்தான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனான். அவன் சண்டை போட, நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவன் கிழித்துக்கொண்டு வந்த துணியை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "இதையே நீங்கள் போட்டிக்கு வைக்கலாமே" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதில் ஆரம்பித்தது.

இந்த உலகத்தில் கைவினைக்கு மரியாதை அதிகம். நன்றாகச் சண்டை போடுகிறவருக்கு வாரியர் என்ற விருது வரிசை இருப்பதுபோல, கலைக்கு டிராகன், பொருள் செய்யும் திறனுக்கு ஔல், உடை தைப்பவர்களுக்கு கார்பர் என்று தனித்தனி வரிசைகள் உண்டு. கைவினையிலேயே உச்சிக்குப் போகிறவர்களுக்கு 'நைட் ஆஃப் தி சர்பென்ட்' பட்டமும் வெள்ளை இடுப்புப் பட்டையும். பணம் எதுவும் கிடையாது. ஆனாலும் இரவு மூன்று மணிக்குக் கண்ணெரிய ஊசி கோக்கிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருத்தி. பெரிய கைவினைப் போட்டிக்கு டிராகன்மாஸ்டர் என்று பெயர். உடை, ஓவியம், சிற்பம், ஆயுதம், சமையல், எழுத்து, பாட்டு என்று பல பிரிவுகள் இருக்கும்; எல்லாவற்றையும் சேர்த்து முதலில் வருபவருக்கு அந்தப் பட்டம். விதிகள் இராச்சியத்துக்கு இராச்சியம் மாறும். எத்தனை பொருள் வைக்கலாம், எத்தனை மாதத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும், முன்பு வேறெங்கோ வைத்ததை மறுபடி வைக்கலாமா என்ற மூன்றையும் துணி வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள்.

முதல் தடவை போகிறவர்கள் இரண்டு பொருளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. பட்டத்துக்கு ஆசைப்பட்டு எட்டுப் பிரிவில் எட்டுப் பொருள் வைப்பார்கள். எட்டும் அரைவேக்காடாக இருக்கும். உங்கள் கைக்கு ஏற்கெனவே பழகிய வேலை எதுவோ, அதில் ஒன்று வையுங்கள். இன்னொன்று நீங்கள் கற்றுக்கொள்ள ஆசைப்படுவது. முதலாவதில் மதிப்பெண் வரும், இரண்டாவதில் நல்ல குறிப்புகள் வரும்.

சட்டை தைப்பது

உடைப் பிரிவில் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது டியூனிக்தான். முழங்கால் வரை இறங்கும், தலைவழியாக மாட்டும் சட்டை. எல்லோருக்கும் தேவைப்படுவது, எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்துவது. நம் ஊர் பழைய பாணி ஜிப்பா ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. உடம்புக்கு நீளச் செவ்வகம், கைக்கு இரண்டு செவ்வகம், அக்குளில் ஒரு சின்னச் சதுரம், பக்கவாட்டில் விரிவதற்கு முக்கோணத் துண்டுகள். துணி கையால் நெய்யப்பட்டு விலை கூடுதலாக இருந்த காலத்தில் எங்கேயும் மனிதர்கள் வீணாக்காமல் வெட்டத்தான் பார்த்திருக்கிறார்கள். கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் 1921ல் ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டியபோது கிடைத்த இடைக்கால உடைகளிலும் இந்த முக்கோணத் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. இப்போது அவற்றில் பல டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படங்கள் தேடினால் கிடைக்கும், பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

துணி லினன். டெக்சாஸ் வெயிலில் பாலியெஸ்டர் போட்டு நின்றவர்கள் மறுமுறை போடமாட்டார்கள். கடையில் லினன் என்று சொல்லிக் கலப்படம் தருவதுண்டு. ஓரத்தில் நாலு நூல் உருவிப் பற்றவைத்துப் பாருங்கள்: லினன் காகிதம் எரிகிற வாசனையோடு பொசுங்கிச் சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் இரண்டு தடவை துவைத்து டிரையரிலும் போட்டு எடுங்கள். சுருங்க வேண்டியதெல்லாம் மேசைக்கு வருவதற்கு முன்பே சுருங்கிவிடட்டும்.

இனி உள்பக்கம். என் முதல் சட்டையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் மூன்று நாள் பூவேலை செய்திருந்தேன். உள்ளே பிசிறு வரக்கூடாதே என்று வீட்டில் இருந்த ஓவர்லாக் மிஷினில் சுற்றி அடித்துவிட்டேன். திருப்பூர்க்காரிக்கு அதுதானே சுத்தம்! நடுவர் தந்த சீட்டில் ஒரே வரி: 'உள்ளே பார்த்தால் டி-சர்ட் மாதிரி இருக்கிறது.' 5க்கு 3. வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டுப் பொருமினேன். "அவங்க சொன்னதுல என்ன தப்புங்கறே? ஓவர்லாக் அடிச்சா அது பனியன்தான அம்மிணி" என்றார்.

அதற்கப்புறம் நான் செய்வது இதுதான். இரண்டு துண்டையும் சேர்த்து முக்கால் இஞ்ச் உள்ளே விட்டுத் தையல் போடுகிறேன். நீளத் தையலை மிஷினில் போட்டால் பரவாயில்லை, ஆனால் மிஷினில் போட்டதென்று எழுதிவிட வேண்டும். பிறகு உள்பக்கம் இரண்டு விளிம்பு நிற்கும் இல்லையா, அதில் ஒன்றை மட்டும் கால் இஞ்ச் விட்டுக் கத்தரிக்கிறேன். அகலமாக இருக்கும் மற்றதை அதன்மேல் மூடி, முனையை உள்ளே மடித்து, அயர்ன் பண்ணி, கைஊசியால் சின்னச் சின்ன ஹெம்மிங். வெட்டிய விளிம்பு ஒன்றுகூட வெளியே தெரியாது. விரலால் தடவினால் நாடா வைத்துத் தைத்ததுபோல வழவழவென்று இருக்கும். லினன் நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கோத்தால் முறுக்கிக்கொள்ளாது, அறுந்தும் போகாது. அக்குள் சதுரத்தில்தான் பொறுமை வேண்டும். நாலு மூலையும் நாலு தையலோடு சந்திக்கும் இடம் அது. முனைக்கு முக்கால் இஞ்ச் முன்பே நிறுத்தி, ஊசியைத் துணியில் குத்தியபடி வைத்து, துணியைத் திருப்பி அடுத்த பக்கம் தையுங்கள். ஓட்டமாகத் தைத்துவிட்டால் அங்கே ஒரு சுருக்கம் விழும். நடுவர் சட்டைக்கையைத் தூக்கிப் பார்க்கும் முதல் இடமும் அதுவே.

கயிறு கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் அடிக்காதீர்கள். பத்தடி தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். குத்தூசியால் துளை போடுங்கள், கத்தரியால் வெட்ட வேண்டாம். குத்தூசி இழைகளை ஒதுக்கித்தான் வைக்கும், அறுக்காது. அதனால் துணி பலம் இழக்காது. ஒதுங்கிய இழைகளைச் சுற்றிக் காஜா எடுப்பதுபோல நெருக்கமாக நூல் சுற்றுங்கள். பாதி சுற்றியதும் மறுபடி குத்தூசியை விட்டு ஒரு திருகு. துளை வட்டமாக நிற்கும். எனக்கு ஒரு துளைக்கு இருபது நிமிடம் ஆகும். இரண்டாவது சட்டையில் 14 துளை. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்துக்கும் அரைப் புள்ளிகூட வரவில்லை. அது ஏன் என்பதுதான் அடுத்து.

ஒரு பக்கத் தாள்

நடுவர் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். பெரும்பாலும் பொருளில் உங்கள் பெயர்கூட இருக்காது, எண் மட்டும்தான். நான் ஒருமுறை நடுவர் மேசையில் உட்கார்ந்தேன். 40 பொருள், நாலு மணி நேரம். கணக்குப் போட்டால் ஒன்றுக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் ஒருவர் உங்கள் சட்டையை எடுத்து, திருப்பி, தடவி, பக்கத்தில் உள்ள தாளைப் படித்து, எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். என் 14 துளைகளும் அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் மிஷினில் போட்டது என்று நினைத்துவிட்டார்கள். கையால் செய்தது என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அவர்கள் மேல் என்ன குறை சொல்ல முடியும்?

ஆகவே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், இரண்டாவது பக்கத்தை யாரும் திருப்பமாட்டார்கள். முதல் வரியிலேயே எது உங்கள் கைவேலை, எது கடையில் வாங்கியது, எது மிஷின் என்று தெளிவாக. துணி வாங்கினீர்களா, சாயம் நீங்களே போட்டீர்களா, பட்டை நெய்தீர்களா. எத்தனை மணி நேரம். இதில் முதல்முறையாக முயன்றது எது. எந்தப் பழைய பொருளைப் பார்த்துச் செய்தீர்கள், எங்கே வேண்டுமென்றே விலகினீர்கள், ஏன். தவறு செய்து சரிசெய்ததையும் எழுதலாம். நடுவர்கள் அதை விரும்பிப் படிப்பதை நானே பார்த்தேன், நானும் விரும்பிப் படித்தேன். படம் நாலு போதும்: வெட்டிய துண்டுகள், பாதித் தையல், உள்பக்கம், முடிந்தது. இதற்கு முதல் வெட்டிலிருந்தே போனில் படம் எடுத்துக்கொண்டு வரவேண்டும். தைத்து முடித்தபின் 'பாதியில் எடுத்த படம்' எடுக்க வழியில்லை.

எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்) என்று இன்னொரு பெரிய அமைப்பு இருக்கிறது. 1966ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கியது. அவர்களுக்கு 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய வரலாறுதான் களம், அதனால் கைவினைப் போட்டியில் ஆதாரங்களைக் கிட்டத்தட்ட ஆய்வுக் கட்டுரை அளவுக்குக் கேட்பார்கள். ஆம்ட்கார்ட் கற்பனை உலகம். டிராகனின் செதிலுக்கு யாரும் ஆதாரம் கேட்கப்போவதில்லை. அதை நம்பித் தாளே இல்லாமல் வருகிறவர்கள் அதிகம். ஒரு நல்ல தாள் வைத்தால் அங்கேயே நீங்கள் பாதிப் பேரைத் தாண்டிவிட்டீர்கள்.

நம் ஊர்ப் பொருளை வைக்கிறவர்களுக்கு இது இரட்டிப்புத் தேவை. கற்பனை உலகம் என்பதால் எந்த நாட்டு உடையும் கலையும் வைக்கலாம், தடையில்லை. ஆனால் நடுவருக்கு அதை அளக்கும் கோல் கையில் இருக்காது. நான் ஒருமுறை மரப்பலகையில் சிக்குக் கோலம் வரைந்து ஓவியப் பிரிவில் வைத்தேன். இடுக்குப் புள்ளி, 15க்கு 8. நமக்குப் பார்த்ததுமே அதில் என்ன கஷ்டம் என்று தெரியும். அவர்களுக்கு அழகான வளைவுகள், அவ்வளவுதான். அடுத்த முறை தாளில் வெறும் புள்ளிகளை மட்டும் வைத்து, 'எல்லாப் புள்ளியையும் சுற்றி வர வேண்டும், எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது, நீங்களே முயன்று பாருங்கள்' என்று எழுதி ஒரு பென்சிலையும் வைத்தேன். ஒரு நடுவர் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்றவர்களுக்குத்தான் கோபம்.

சமையல், வாள், சாயம்

சமையல் பிரிவில் முக்கியமானது பொருள் பட்டியல். நெய், முந்திரி, கோதுமை, எள் எதையும் விடாமல் எழுதுங்கள். பட்டியல் இல்லாவிட்டால் ஒவ்வாமை இருக்கும் நடுவர் வாயில் வைக்கவே மாட்டார், வைக்கவும் கூடாது. அடுத்தது வெயில். சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்புக் கணக்கு. டல்லாஸில் ஜூன் மாதம் பகலில் 90ஐத் தாண்டுவது சாதாரணம். எனவே ஆறினாலும் ருசிக்கிற, சீக்கிரம் கெடாத பண்டமாகப் பாருங்கள். நான் ஒப்புட்டு (போளி) வைத்தேன். பூரணத்தில் பால், தேங்காய் சேர்க்காமல் கடலைப்பருப்பு, வெல்லம், ஏலக்காய் மட்டும். சூடாக இருந்தால்தான் ஒப்புட்டு என்று என் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அவர் நடுவர் இல்லை.

வாள் செய்வதைப் பற்றி நான் அதிகம் சொல்லக்கூடாது, அது மகனின் துறை. ஃபைபர்கிளாஸ் தண்டு, மூடிய துளைகள் கொண்ட ஃபோம், காண்டாக்ட் சிமென்ட், மேலே துணி உறை. பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதம் வந்தபின்தான் சேர்க்க வேண்டும்; அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் இரண்டே சண்டையில் கழன்றுவிடும். கதவு ஜன்னல் திறந்துவைத்து ஒட்டச் சொல்லுங்கள், அந்த நெடி தலைவலியைக் கிளப்பும். போட்டிக்கு வைக்கும் வாளும் களத்தின் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அழகுக்காக ஃபோமைச் சீவிக்கொண்டே போனால் உள்ளே தண்டு தட்டும். உறையின் தையலை வெட்டு விளிம்பில் விடாமல் தட்டையான பக்கத்தில் விட்டுத் தைத்துக் கொடுத்தேன். அடிபடும் இடத்தில் தையல் இருந்தால் சீக்கிரம் பிரியும்.

சாயம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: மஞ்சள் வேண்டாம். படிகாரம் போட்டுக் கொதிக்கவிட்டாலும் வெயிலில் நிற்காது. நான் மஞ்சளில் முக்கி எடுத்த இடுப்புப் பட்டை, மேசையில் மடித்து வைத்த ஒரு நாளில் மேல் மடிப்பு மட்டும் வெளுத்து இரண்டு நிறமாகிவிட்டது. சோப்பு பட்டால் சிவப்பாக வேறு மாறும். இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்தவளுக்குப் போட்டி என்றதும் புத்தி மறைத்துவிட்டது. நீலத்துக்கு அவுரி போடுங்கள், நிற்கும்.

மேசையில் வைப்பது

போட்டி நடக்கும் கூடார முகாமில் கரண்ட் கிடையாது, அயர்ன் பாக்ஸ் கிடையாது. லினன் மடித்தால் மடிப்பு நிற்கும். அதனால் அயர்ன் பண்ணியதை மடிக்காமல், பழைய போர்வை ஒன்றோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துப்போங்கள். மேசைக்கு ஒரே நிறத் துணி விரிப்பு ஒன்று, காற்றுக்குத் தாளின்மேல் வைக்க ஒரு கல். அந்தக் கல்லை மறந்து என் தாள் ஏரிப்பக்கம் பறந்து போனதுண்டு. நகல் ஒன்று வண்டியில் இருந்ததால் பிழைத்தேன். சட்டையைப் பலகையில் குத்தி மாட்டிக் காட்சிக்கு வைக்காதீர்கள். அவர்களால் எடுத்துத் திருப்ப முடியவேண்டும். நான் ஒரு பக்கக் கையை வேண்டுமென்றே உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து வைப்பேன். 'உள்ளே பார், நான் பயப்படவில்லை' என்று சொல்கிறமாதிரி.

முடிவு அறிவித்ததும் கைதட்டிவிட்டுக் கூடாரத்துக்குப் போய்விடாதீர்கள். மதிப்பெண் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கையெழுத்து புரியாவிட்டால் நடுவரையே தேடிப் பிடியுங்கள். சனிக்கிழமை இரவு சாப்பாட்டு நேரம்தான் சரியான சமயம். ஞாயிறு காலை எல்லோரும் கூடாரம் பிரிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். "ஏன் குறைத்தீர்கள்" என்று கேட்டால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "இதில் இன்னும் அரைப் புள்ளி வாங்க நான் எதை மாற்றியிருக்க வேண்டும்" என்று கேளுங்கள்.

போன முறை 5க்கு 4.5 வாங்கிய சட்டைக்கு நான் அப்படிக் கேட்டேன். நடுவர் சட்டையை மறுபடி வாங்கி, லாந்தர் வெளிச்சத்தில் இடது கை மணிக்கட்டு மடிப்பைத் திருப்பிக் காட்டினார். பாதி வழியில் நூல் தீர்ந்து, வேறு கண்டிலிருந்து எடுத்துத் தொடர்ந்திருந்தேன். அரை ஷேடு மாற்றம். பகல் வெளிச்சத்தில் எனக்கே தெரியாமல் போனது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.